மேபல் அக்காவின் பட்டியல்

கொட்டாஞ்சேனை மேபல் அக்கா எந்தப் பெட்டியையும் முதலில் திறந்து பார்க்கமாட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிய தாளைத்தான் கேட்பார். அண்ணன் மகளின் பிறந்தநாளுக்குக் கேக் வந்தபோதுகூட, கொண்டுவந்தவரிடம் “பில் எங்க?” என்று கேட்டு, அதை வாசித்து முடித்த பிறகுதான் வாசலை விட்டு விலகினாராம். இதை எனக்குச் சொன்னவரும் அவரேதான். அதுவும் பெருமையாக.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருபத்தொரு வயதில் கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் தட்டச்சாளராகச் சேர்ந்தவர். வருகிற கப்பலில் எந்தப் பெட்டி, யாருக்கு, என்ன எடை, மூடிய முத்திரையின் எண் என்ன என்று பட்டியல் அடிப்பதுதான் வேலை. இருபத்திரண்டு வருஷம் அடித்தார். கப்பல் ஒன்றைக்கூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை. ஆனால் எந்தக் கப்பலில் எத்தனை மூட்டை வெங்காயம் வந்தது என்று கப்டனைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பிறகு கந்தோருக்குக் கணினி வந்தது, கந்தோர் கை மாறியது, மேபல் அக்கா ஒரு மணிக்கூட்டைப் பரிசாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீடு என்றால் அண்ணன் வீடு. கலியாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், “பொருத்தமான தாளோட யாரும் வரல்ல” என்பார். அண்ணி நல்லவள்தான், ஆனால் ஒரு சமையலறைக்கு இரண்டு பெண்கள் அதிகம். மேபல் அக்கா படுத்தது முன்னறைச் சாய்மணைக் கதிரைக்குப் பக்கத்தில். தனக்கென்று கதவு உள்ள ஒரு அறை வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அதைத் தவிர வேறு எதையும் அவர் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை.

நான் அவரைச் சந்தித்தது வெள்ளவத்தையில். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஸாலிஹ் நானா ஒரு இன்டர்நெட் கடை வைத்திருந்தார். பன்னிரண்டு கணினி. பின்னறையில் வகுப்பு. அந்தப் போர் நாட்களில் கடைக்கு வருகிறவர்களின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதி வைக்காவிட்டால் கடைக்காரருக்குத் தலையிடி. அந்தப் பதிவேட்டை எழுதத்தான் மேபல் அக்காவை எடுத்தார்கள். கணினிகளைப் பார்த்துக்கொள்ள நான். பெயர் யோகநாதன், ஊர் யாழ்ப்பாணம், வயது முப்பத்து நாலு, தலைக்கனம் வயதுக்கு மேல்.

எங்கள் கணினிகளில் ஓடியது லினக்ஸ். வைரஸுக்குப் பயந்து நான்தான் மாற்றினேன். அதில் ஒரு வசதி. கடிதம் எழுதவோ படம் பார்க்கவோ ஒரு புரோகிராம் வேண்டுமென்றால் கடை கடையாகத் தேட வேண்டாம். எல்லாம் பொதி பொதியாகக் கட்டி ஒரே களஞ்சியத்தில் இருக்கும். பெயரைச் சொன்னால் ஏற்றும் கருவி எடுத்துப் போடும். அந்தப் பொதிக்கு இன்னும் நாலு பொதி துணைக்கு வேண்டுமென்றால் அவற்றையும் கூட்டிக்கொண்டு வரும். எங்கள் தொலைபேசி இணைப்பின் வேகத்துக்குப் பன்னிரண்டு கணினியும் தனித்தனியாக இறக்கினால் தைப்பொங்கல் வந்துவிடும். ஆகவே நான் ஒரு முறை இறக்கி, இரண்டாயிரத்துச் சொச்சம் பொதிகளைக் கையடக்க ஹார்ட் டிஸ்க் ஒன்றில் களஞ்சியமாக வைத்திருந்தேன். கடைக் கணினியில் இடம் இல்லாததால் அதற்கு நகல் கிடையாது. இதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு மத்தியானம், ஆட்கள் இல்லாத நேரம், மேபல் அக்கா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“தம்பி, ரெண்டாயிரம் பொதிய இது எப்படி இவ்வளவு கெதியா தேடுது? ஒவ்வொண்ணையும் திறந்து பாக்குதா?”

“இல்லை அக்கா. பொதியை ஒண்டையும் திறக்காது. பக்கத்தில ஒரு பட்டியல் இருக்கு. பேர், பதிப்பு, அளவு, எதுக்கு எது துணை வேணும் எண்டு எல்லாம் அதில கிடக்கு. கருவி அதை மட்டும்தான் வாசிக்கும்.”

அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “காட்டுங்க.”

காட்டினேன். ஒவ்வொரு பொதிக்கும் எதிரே நாற்பது எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு வரி இருந்தது. அது என்ன என்றார். பொதியின் கைரேகை மாதிரி, உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் இந்த வரி மாறிவிடும், கருவி பொதியை எடுத்ததும் ஒத்துப் பார்க்கும் என்றேன். பட்டியல்களுக்கெல்லாம் முகப்பாக ஒரு சின்னத் தாள் இருப்பதையும், அதில் பட்டியல்களின் கைரேகைகள் இருப்பதையும், அது மாறாவிட்டால் கருவி பெரிய பட்டியலை மறுபடி இறக்காது என்பதையும் சொன்னேன்.

“சீல் நம்பர்” என்றார் மேபல் அக்கா. “சீல் சரின்னா பெட்டியத் திறக்க மாட்டோம். சரி, மேல சொல்லுங்க.”

மேலே சொன்னேன். எங்கள் கடைக் கணினிகளில் மூன்று காலத்தில் மூன்று பேர் போட்டுவிட்டுப்போன மூன்று விதமான கருவிகள் இருந்தன. யம், ஆப்ட், ஸ்மார்ட். முன்பெல்லாம் ஒவ்வொன்றும் தன் வசதிக்குத் தனிப் பட்டியல் கேட்டது. ஒரே களஞ்சியத்துக்கு இரண்டு மூன்று பட்டியல் செய்து வைக்க வேண்டும். பிறகு, பட்டியலை எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவோம், யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும் என்று முடிவாகியது. இப்போது மூன்று கருவியும் ஒரே பட்டியலைத்தான் வாசிக்கின்றன.

மேபல் அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “எங்க கந்தோர்ல சுங்கத்துக்கு ஒரு ஃபாரம், துறைமுகத்துக்கு ஒரு ஃபாரம், இன்சூரன்ஸுக்கு ஒரு ஃபாரம். ஒரே கப்பல், ஒரே வெங்காயம். மூணு தடவ அடிச்சா மூணு விதமா பிழை வரும். எல்லாருக்கும் ஒரே தாள் குடுங்கன்னு பத்து வருஷம் சொன்னேன். ஒருத்தரும் கேக்கல்ல. இவங்க கேட்டிருக்காங்க பாருங்க.”

எனக்கு ஒரு வருஷம் பிடித்த விஷயம் அவருக்கு அரை மணித்தியாலத்தில் பிடிபட்டது. எரிச்சலாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அந்தப் பட்டியல்களோடு இன்னொரு பட்டியலும் வைக்கலாம். இன்ன வேலைக்கு இன்ன பொதிகள் என்று குழுவாகப் பிரித்துச் சொல்வது அது. மேபல் அக்கா அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மூன்று மாதம், மத்தியானங்களில் உட்கார்ந்து, ‘கடிதம் எழுத’, ‘தட்டச்சுப் பழக’, ‘அகராதி பார்க்க’ என்று தமிழில் பெயர் வைத்து அறுபத்தெட்டுப் பொதிகளைத் தேர்ந்து எழுதினார். சீட்டாட்டத்தை முதலில் வெட்டினார். பிறகு, மவுஸ் பிடித்துப் பழக அதைவிட நல்லது இல்லை என்று திருப்பிச் சேர்த்தார்.

இவ்வளவும் வீணாகப் போகவில்லை. வத்தளையில் கன்னியர் மடம் ஒன்று, போரில் இடம்பெயர்ந்து வந்த பெண்களுக்குக் கணினி வகுப்புத் தொடங்கப் போவதாக மேபல் அக்காவுக்கு மாதா கோவிலில் தகவல் கிடைத்தது. யாரோ கொடுத்த பதினான்கு பழைய கணினிகள். எல்லாவற்றிலும் எங்கள் லினக்ஸே இருந்தது, கருவிகள்தான் எங்கள் கடையைப் போலவே கலவை. இன்டர்நெட் கிடையாது. படிப்பிக்க ஒருவர் தேவை, தங்குவதற்கு மடத்தின் பின்பக்கம் ஒரு அறையும் உண்டு. கதவோடு.

பொறுப்பான சிஸ்டர் கறாரானவர். டிப்ளோமா படித்த ஒரு இளைஞனின் விண்ணப்பம் மேசையில் இருந்தது. “சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முந்தி பதினாலு மெஷினும் தமிழ் எழுதணும் மேபல். எழுதினா வேலை உங்களுக்கு. இல்லாட்டி அந்தத் தம்பிக்கு” என்று சொல்லியனுப்பினார். மேபல் அக்கா என்னைத் துணைக்குக் கேட்டார். நானும் பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டேன்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அன்று காலை எங்கள் ஒழுங்கையில் ஆமியும் பொலிஸும் வந்து சுற்றிவளைப்பு. என் சட்டைப் பையில் இருந்த சின்னக் குறிப்புப் புத்தகத்தில் தொலைபேசி இலக்கங்களும், சில கணினிகளின் கடவுச்சொற்களும் இருந்தன. கடவுச்சொல் என்றால் தெரியும்தானே, எழுத்தும் இலக்கமும் கலந்த, வாசித்தால் விளங்காத கந்தறுந்த வரிகள். இது என்ன சங்கேதம் என்று கேட்டார்கள். எனக்குச் சிங்களம் அரைகுறை, பயத்தில் அந்த அரையும் போய்விட்டது. ஐந்து மணித்தியாலம் பொலிஸில் ஒரு நீண்ட மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஸாலிஹ் நானா வந்து கடிதம் கொடுத்து என்னை வெளியே எடுத்தார். அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து கதவை இரண்டு தரம் பூட்டிப் பார்த்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் அந்த ஹார்ட் டிஸ்கைக் கடையில் சொருகிப் பார்த்தேன். வத்தளைக்குப் போகக் களனிப் பாலத்தில் சோதனைச் சாவடி. பட்டியல்கள் இருந்த கோப்புறையைத் திறந்தேன். நாற்பது எழுத்து வரி. அடுத்தது நாற்பது எழுத்து வரி. ஆயிரக்கணக்கில். நேற்று நாலைந்து வரிக்கு ஐந்து மணித்தியாலம் என்றால் இதற்கு எத்தனை வருஷம் என்று கணக்குப் பார்த்தேன். பட்டியல் போனால் என்ன, பொதிகள் இருக்கின்றனவே, அங்கே போய் ஒரு கட்டளை கொடுத்தால் பொதிகளை வாசித்துப் புதுப் பட்டியல் செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. கோப்புறையை முழுதாக அழித்தேன். என் மடிக்கணினியையும் வேண்டாமென்று கடையிலேயே விட்டேன். கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டு, மேபல் அக்காவைக் கூட்டிக்கொண்டு போகக் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன்.

பாலத்தடியில் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். ஹார்ட் டிஸ்கைச் சிப்பாய் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. அவனுடைய கண் மேபல் அக்காவின் சாப்பாட்டுக் கரியரில் நின்றது.

“மே மொக்கத?” இது என்ன என்று கேட்டான்.

“பத் மல்லி. கனவாத?” சோறுதான் தம்பி, சாப்பிடுகிறாயா என்றார் மேபல் அக்கா. அவன் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினான். நான் பட்டியல்களை அழித்திருக்கத் தேவையே இல்லை.

மடத்தில் ஒன்பது மணி. நீளமான அறை, சுவரோரமாகப் பதினான்கு கணினிகள். பன்னிரண்டு பெண்கள் ஏற்கெனவே வந்து வாங்குகளில் இருந்தார்கள். மேபல் அக்கா சட்டையைச் சரிசெய்துகொண்டு முதற் கணினியில் உட்கார்ந்து, ஹார்ட் டிஸ்கைச் சொருகி, ‘கடிதம் எழுத’ என்ற குழுவைக் கேட்டார். அப்படி ஒன்று இல்லை என்றது யம். அடுத்த கணினியில் ஸ்மார்ட்டும் கைவிரித்தது. அதற்கடுத்ததில் ஒரு பொதியின் பெயரைக் கொடுத்தும் ஆப்ட் அதையே சொன்னது. ஒரே பட்டியலை வாசிக்கிறவர்கள், பட்டியல் இல்லையென்றால் ஒற்றுமையாகத்தானே இல்லை என்பார்கள்.

“தம்பி, பொதி எல்லாம் இருக்கு, பட்டியலக் காணோம்.”

“அது... அக்கா, நான் எடுத்துப்போட்டன். சோதனைக்குப் பயந்து. இப்ப செய்து தாறன், அரை மணித்தியாலம்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

அரை மணித்தியாலம் என்று சொன்னது பொய்யானது. பட்டியல் செய்யும் புரோகிராமே இன்னும் ஏற்றப்படாத ஒரு பொதி. பட்டியல் இருந்தால் அதைக் கேட்டு ஏற்றலாம். பட்டியலைச் செய்யவோ அதுவே வேண்டும். கையால் ஏற்றப் பார்த்தேன். எனக்கு இன்னொன்று வேண்டும் என்றது. அந்த இன்னொன்று வேறு இரண்டைக் கேட்டது. இரண்டாயிரம் பெயருக்குள் கண்ணால் தேடி ஒவ்வொன்றாகப் பிடித்தேன். பதினொரு மணிக்குப் பட்டியல் வந்தது. பெயர், அளவு, துணை, கைரேகை எல்லாம் சரி. பொதிக்குள் இருந்த விவரம் அவ்வளவும் திரும்பி வந்துவிட்டது.

மேபல் அக்காவின் குழுப் பட்டியல் மட்டும் வரவில்லை. எப்படி வரும்? அது எந்தப் பொதிக்குள்ளும் இருந்ததில்லை. அவருடைய மூன்று மாதத்து மத்தியானங்களில்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சிஸ்டர் உள்ளே வந்தார். பதினான்கு திரையிலும் ஒரு தமிழ் எழுத்து இல்லை. மேசையோரம் மேபல் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் விசைப்பலகையை வெறித்துப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

“நான் பயந்தது இதுக்குத்தான் மேபல்” என்றார் சிஸ்டர், மெல்லத்தான். “உங்கட மனசு நல்லது. ஆனா இந்த வயசில இதெல்லாம் புதுசாப் பிடிக்கிறது கஷ்டம். நான் அந்தத் தம்பிக்கே சொல்லிடறேன்.”

மேபல் அக்கா என் பக்கம் கை காட்டவில்லை. சிஸ்டர் முழங்கால் வலி பற்றி ஏதோ சொன்னார். விசிறி சுற்றியது. சிஸ்டர் வாசல்வரை போய்விட்டார்.

“சிஸ்டர்” என்றேன். “பிழை அவவில இல்லை. அவ எல்லாம் சரியாத்தான் செய்து வைச்சிருந்தவ. நான்தான் காலமை அழிச்சனான்.”

“ஏன் அழிச்சீங்க?”

“பயத்தில.”

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். படித்தவன், ஆம்பிளை, ஒரு பட்டியலுக்குப் பயந்தான் என்றால் சிரிப்பு வரத்தானே வேண்டும். அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வாங்கில் இருந்த ஒரு அம்மா, கனகேஸ்வரி என்று பெயர், வவுனியாப் பக்கத்தவர், நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

“நான் என்ர மகன்ர படம் எல்லாத்தையும் அடுப்பில வைச்சனான், தம்பி. பள்ளிக்கூடப் படம். பக்கத்தில நிண்ட பெடியன் ஆர் எண்டு ஆமி கேட்டா என்ன சொல்லுறது எண்டு. பிறகு ஒருத்தரும் வந்து கேக்கேல்லை.”

சிஸ்டர் திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தார். மேபல் அக்கா கனகேஸ்வரியின் பக்கத்தில் போய் இருந்தார். “மகன் இப்ப எங்க?” என்று கேட்டார்.

“தடுப்பு முகாமில. மூண்டு இடத்துக்குக் கடிதம் எழுத வேணும். ஆரையும் பிடிச்சு எழுதுவிக்கிறதெண்டா வெக்கமாக் கிடக்கு. அதுக்குத்தான் வந்தனான்.”

“சரி. தமிழ்ல எழுதணும். இங்கிலீஷ்ல எழுதணும். சிங்களத்துலயும் எழுதணும். அச்சு எடுக்கணும்.” மேபல் அக்கா என் பக்கம் திரும்பினார். குரலில் காரம் குறையவில்லை. “எழுதுங்க, சும்மா இருக்காம.”

ஒவ்வொரு பெண்ணாகக் கேட்டார். உங்களுக்கு என்ன வேண்டும்? ஒருத்திக்கு, இன்டர்நெட் வந்ததும், ஜெர்மனியில் உள்ள புருஷனின் முகம் பார்த்துக் கதைக்க வேண்டும். இன்னொருத்திக்குத் தையல் அளவுகளை வரிசையாக எழுதி வைக்க வேண்டும். ஒருத்தி வெட்கப்பட்டுக்கொண்டு சீட்டாட்டம் கேட்டாள். அகராதியை ஒருவரும் கேட்கவில்லை. மேபல் அக்கா பொதியின் பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அறுபத்தெட்டு அல்ல, இருபத்தாறுதான் வந்தது. “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்று இடையில் எனக்கு ஒரு குத்தும் கிடைத்தது. வாங்கிக்கொண்டேன்.

குழுப் பட்டியலைக் கோப்புறையில் வைத்து, முகப்புத் தாளைப் புதுப்பித்து, கணினிகளை இணைத்திருந்த மடத்து வலைக் கம்பியால் பதினான்கையும் அந்த ஒரே களஞ்சியத்தை வாசிக்கவைத்தோம். யம் வாசித்தது. ஸ்மார்ட்டும் வாசித்தது. ஆப்ட்டுக்குக் குழு என்பதே பிடிபடாததால் அதற்கு மட்டும் இருபத்தாறு பெயரையும் ஒரே மூச்சில் அடித்துக் கொடுத்தேன். துணைப் பொதிகள் தாமாகவே வரிசையில் வந்தன. எல்லாம் முடியப் பன்னிரண்டே முக்கால். நேரம் தவறிவிட்டது.

சிஸ்டர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கனகேஸ்வரி அம்மா ஒரு விரலால் தன் மகனின் பெயரை அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து எழுத்து, ஆறு நிமிஷம். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கத் தெரியாமல் அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தபோது, மேபல் அக்கா விரலைப் பிடித்து வைக்கவில்லை, எந்த விசை என்று மட்டும் காட்டினார்.

“மேபல், திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வருவீங்க?” என்றார் சிஸ்டர்.

“எட்டுக்கு. சாமானெல்லாம் ஞாயிறே கொண்டுவரலாமா?”

சாமான் என்றால் இரண்டு சூட்கேஸும் அந்த மணிக்கூடும்தான் என்று பிறகு தெரிந்தது. அண்ணி அழுதாளாம், அதில் பாதி உண்மையாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாலம் கடக்கும்வரை அவர் என்னோடு கதைக்கவில்லை. சோதனை முடிந்து மறுபடி ஏறி உட்கார்ந்ததும் நான்தான் தொடங்கினேன்.

“அக்கா, கோவமோ?”

“அழிச்சதுக்கு இல்ல. அது பயம். எல்லாருக்கும் வர்றதுதான்.”

“பிறகு?”

“சிஸ்டர் கேட்டப்ப நான் உங்களக் காட்டிக் குடுக்க மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும். தெரியுமா இல்லையா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டு அவங்க வாசல் வரைக்கும் போறத பாத்துட்டு இருந்தீங்களே, அதுக்கு.”

கொட்டாஞ்சேனை வந்தது. அவர் கரியரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் வெள்ளவத்தை வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு போனேன்.